கல்லூரிப் படிப்போடு யூபிஎஸ்சி: எதை ஊறப்போடுவது, எதைத் தள்ளிவைப்பது

2005 ஜனவரியில் பிறந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு, 2022-இல் பிளஸ் டூ, அதே ஆண்டில் பி.ஏ. வரலாறு. சேர்ந்த நாளிலிருந்தே ஐ.ஏ.எஸ். எண்ணம். அதற்கு யூபிஎஸ்சி, அதாவது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், வைக்கும் தேர்வில் முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டங்கள். மூன்று வருடமும் விடாமல் படிக்கிறார். 2025-இல் கடைசி செமஸ்டர். அந்த வருட முதல்நிலைத் தேர்வையும் கையோடு எழுதிவிடலாம் என்று விண்ணப்பத்தைத் திறந்தால், பிறந்த தேதியைக் கேட்கும் இடத்திலேயே கதை முடிந்துவிடுகிறது. தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அவருக்கு இருபதரைதான்.

அவரோடு பிளஸ் டூ முடித்து பி.இ. சேர்ந்த தோழிக்கு இந்தச் சிக்கல் இல்லை. இறுதியாண்டு 2026-இல் வருகிறது, அதற்குள் வயதும் வந்துவிடுகிறது. நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மை, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஆக, 'காலேஜில் இருக்கும்போதே முதல் அட்டெம்ப்ட்' என்று விளம்பரங்கள் கூவுவது பெரும்பாலும் நான்கு, ஐந்து வருடப் படிப்புக்காரர்களுக்கு மட்டுமே பொருந்தும். கலை அறிவியல் கல்லூரியில் உரிய வயதில் சேர்ந்தவர்களில் பலருக்குப் பட்டத்துக்கும் முதல் தேர்வுக்கும் நடுவில் ஒரு வருடம் தானாகவே கிடைத்துவிடும். ஒரு வருடம் வீண் என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது கிடைத்தற்கரிய இடைவெளியாகத்தான் படுகிறது.

அரியர் என்ற கண்ணி

இறுதியாண்டில் இருப்பவர்கள், பட்டம் கையில் இல்லாமலே யூபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வை எழுதலாம். ஆனால் முதன்மைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத் தேர்ச்சிக்கான சான்று வேண்டும். இதைக் கல்லூரி நாட்காட்டியோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். 2025-இல் அறிவிக்கை வந்தது ஜனவரி 22. முதல்நிலைத் தேர்வு மே 25. முதன்மைத் தேர்வு ஆகஸ்ட் 22-இல் தொடங்கியது. நம் கல்லூரிகளில் கடைசி செமஸ்டர் தேர்வு ஏப்ரலிலும் மே மாதத்திலும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், வைவா, செமஸ்டர், முதல்நிலைத் தேர்வு எல்லாம் ஒரே கோடையில் தலையில் விழுகின்றன.

அதில் ஒரு பேப்பர் போனால்? வழக்கமாக அந்த அரியரை நவம்பர் வாக்கில்தான் எழுத முடியும். முதன்மைத் தேர்வு அதற்கு முன்பே முடிந்திருக்கும். முதல்நிலையில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாலும் அந்த வருடம் போயிற்று, அட்டெம்ப்ட் கணக்கிலும் ஒன்று ஏறிவிட்டது. ஐ.ஏ.எஸ். படிக்கிறேன் என்று வகுப்பைக் கவனிக்காமல் விட்டவருக்கு, அதே வகுப்பு இப்படித்தான் வட்டியோடு கணக்குத் தீர்க்கும்.

அட்டெம்ப்ட் என்பது என்ன என்பதிலும் பலருக்குக் குழப்பம். விண்ணப்பித்தால் மட்டும் அது கணக்கில் சேராது. முதல்நிலையின் இரண்டு தாள்களில் ஒன்றுக்குப் போய் உட்கார்ந்தால்கூடச் சேர்ந்துவிடும். பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை 6 முறை. ஓபிசி பிரிவினருக்கு 35 வயது வரை 9 முறை. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2023-இல் விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர், எழுதியவர்கள் 5,92,141 பேர். நாலே கால் லட்சம் பேர் வரவே இல்லை. இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம். தயாராகவில்லை என்று தெரிந்து ஓர் அட்டெம்ப்டைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்" என்று சொல்லும் சீனியரிடம், ஆறில் ஒன்றைச் சும்மா கொடுக்க முடியுமா என்று திருப்பிக் கேட்கலாம். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் யூபிஎஸ்சி இணையதளத்திலேயே கிடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம் என்று கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தால் அதே அனுபவம் செலவில்லாமல் கிடைக்கும்.

கால் மதிப்பெண்

போட்டி எப்படிப்பட்டது என்பதற்கு அதே 2023-ஐயே தொடர்ந்து பார்க்கலாம். எழுதிய 5.92 லட்சம் பேரில் முதன்மைத் தேர்வுக்குப் போனவர்கள் 14,624 பேர். நேர்முகத்துக்கு 2,855. கடைசியில் தேர்வானவர்கள் 1,016. முதல் சல்லடையிலேயே நாற்பது பேருக்கு ஒருவர்தான் மிஞ்சுகிறார்.

அந்தச் சல்லடையின் கண் எவ்வளவு சிறியது? பொதுப்பாடத் தாளில் 100 கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். ஒருவர் 80 கேள்விகளுக்கு விடை எழுதி, 53 சரி, 27 தப்பு என்று வைத்துக்கொள்வோம். 106 கிடைக்கிறது, 18 கழிகிறது, மீதி 88. 2022-இல் பொதுப் பிரிவின் கட்-ஆஃப் 88.22. கால் மதிப்பெண்கூட இல்லை, வெளியே. சரி, அடுத்த வருடம்? 2023-இல் கட்-ஆஃப் 75.41-க்கு இறங்கியது. அதே 88-ஐ அந்த வருடம் எடுத்திருந்தால் தாராளமாக உள்ளே. ஆனால் 2023-இல் பலரைக் கவிழ்த்தது சிசாட் என்ற இரண்டாம் தாள்.

சிசாட் 2011-இல் வந்தது. 2015-இலிருந்து வெறும் தகுதித் தாள். 200-க்கு 66 எடுத்தால் போதும். போதும் என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கோடு கணக்கை மூட்டை கட்டி வைத்த கலைப் பிரிவு மாணவர்களும், நீளமான ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பழகாதவர்களும், கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை விட்டுவைக்கிறார்கள். பொதுப்பாடத்தில் 110 எடுத்தாலும் இதில் 65 என்றால் அந்த 110-ஐ யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஊற வேண்டியவை

சமையலில் முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டியவை உண்டு, இறக்கும்போது தாளிக்க வேண்டியவை உண்டு. இந்தத் தேர்விலும் அப்படித்தான். முதலாண்டு மாணவர்கள் பலர் தாளிப்பிலிருந்து தொடங்குகிறார்கள். நடப்பு நிகழ்வுகளின் மாத இதழ்களை வாங்கி, பச்சை மையில் அடிக்கோடிட்டு, நோட்டு நோட்டாக எழுதிக் குவிப்பார்கள். அவர்கள் உண்மையில் தேர்வெழுதும் வருடத்தில் அந்தக் குவியலில் முக்கால்வாசி பழங்கதையாகியிருக்கும். தேர்வில் வரும் நடப்புக் கேள்விகள் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக்குள் அடங்கிவிடும். முதலாண்டில் நாளிதழ் படிக்க வேண்டும், ஆனால் நோட்டெடுக்க வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா எப்படி நகர்கிறது, ரிசர்வ் வங்கி ஏன் வட்டியைக் கூட்டுகிறது என்றெல்லாம் செய்தியைப் படித்து விளங்கிக்கொள்ளும் பழக்கம்தான் அந்த வயதில் வேண்டியது.

ஊற வேண்டியவற்றில் முதலாவது மொழி. தமிழ்நாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை என்பேன். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஆனால் முதல்நிலையின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. முதன்மைத் தேர்விலும் பொதுப்பாடக் கேள்விகள் அப்படித்தான். ஆக, தமிழ்வழியில் படித்தவர் விடையைத் தமிழில் எழுதினாலும் கேள்வியை ஆங்கிலத்தில்தான் புரிந்துகொண்டாக வேண்டும். அதுவும் 'பின்வருவனவற்றுள் எத்தனை கூற்றுகள் சரி' என்ற பாணியில், ஒரு சொல் பிசகினால் பொருளே மாறிவிடும் வாக்கியங்களை. ஆங்கில வாசிப்பு ஆறு மாத கோச்சிங்கில் வருகிற சரக்கில்லை. தினம் ஒரு தலையங்கம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று வருடம். அது போதும், அதற்குக் குறைந்தால் போதாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதன்மைத் தேர்வில் இந்திய மொழித் தாள் ஒன்று, ஆங்கிலத் தாள் ஒன்று, தலா 300 மதிப்பெண். இரண்டிலும் 25 சதவீதம் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மற்றத் தாள்கள் கணக்கிலேயே வராது. ஆங்கிலவழிப் பள்ளியில் பிரெஞ்சையோ இந்தியையோ இரண்டாம் மொழியாக எடுத்துத் தேறிவிட்டு, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைகள் நகரங்களில் நிறைய. கட்டுரை, சுருக்கி எழுதுதல், மொழிபெயர்ப்பு என்று வரும் அந்தத் தாளைத் தமிழில் எழுதும்போது லகர ளகரத்தில் வியர்த்துப்போகிறார்கள். டிஎன்பிஎஸ்சி பக்கம் போனாலும் தமிழ்த் தகுதித் தேர்வு காத்திருக்கிறது. குரூப் 4-இல் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காதவரின் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதில்லை.

இரண்டாவது, கை. முதன்மைத் தேர்வில் ஒரு பொதுப்பாடத் தாளுக்கு மூன்று மணி நேரம், 20 கேள்விகள். கேள்விக்கு ஒன்பது நிமிடம். அதற்குள் யோசித்து 150 அல்லது 250 சொற்களில் முடிக்க வேண்டும். விடைக்கான இடம் கேள்விக்குக் கீழேயே அளந்து விடப்பட்டிருக்கும். காலை ஒரு தாள், மதியம் ஒரு தாள். நம் செமஸ்டர் தேர்வுகள் கற்றுக்கொடுப்பது இதற்கு நேர் எதிரான வித்தை. அங்கே அடிஷனல் ஷீட் வாங்கினால் கெட்டிக்காரன். பக்கம் நிரப்பிப் பழகிய கையைச் சுருக்கிப் பழக்க நாளாகும். வாரத்துக்கு இரண்டு கேள்வி, நேரம் வைத்து எழுதி, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திட்டு வாங்கினால் போதும். கல்லூரியில் தமிழ்த்துறைப் பேராசிரியரோ அரசியல் அறிவியல் பேராசிரியரோ இதைச் செய்து தருவார்கள். கேட்கிற மாணவர்கள்தான் குறைவு.

மூன்றாவது, படிக்கிற பட்டமே. முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு மட்டும் 500. பி.ஏ. வரலாறு, பி.காம்., பி.எஸ்சி. வேதியியல், சிவில் இன்ஜினியரிங் படிப்பவர்களின் துறை விருப்பப் பாடப் பட்டியலில் இருக்கிறது. அவர்கள் வகுப்பில் கவனித்தாலே அந்த 500-க்குப் பாதி அடித்தளம் விழுந்துவிடும். பாவம், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் மூன்றும் பட்டியலில் உண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸும் எலெக்ட்ரானிக்ஸும் இல்லை. பொறியியல் கல்லூரிகளில் கூட்டம் அலைமோதும் பாடம் இந்தத் தேர்வில் விருப்பப் பாடமாகவே இல்லை. அவர்கள் சமூகவியல், பொது நிர்வாகம், தமிழ் இலக்கியம் என்று புதிதாக ஒன்றைத் தொட்டாக வேண்டும். இரண்டாமாண்டு விடுமுறையில் இரண்டு மூன்று பாடங்களின் அடிப்படை நூல்களைப் புரட்டி, எதைப் படிக்கும்போது தூக்கம் வரவில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. 'இதுதான் ஸ்கோரிங்' என்ற பேச்சை நம்பி எடுத்தவர்கள் பாதியில் மாற்றிக்கொண்டு இரண்டு வருடத்தைத் தொலைப்பது வாடிக்கை.

என்சிஇஆர்டி பாடநூல்கள், நம் சமச்சீர் பாடநூல்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல். கல்லூரி விடுமுறைகளில் முடிந்துவிடும்.

கல்லூரியில் இருந்துகொண்டே படித்தவர்களின் வரிசையில் சுபாஷ் சந்திர போஸும் உண்டு. 1919-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, கேம்பிரிட்ஜில் சேர்ந்து, அந்தப் படிப்போடு, ஐ.ஏ.எஸ்.ஸுக்கு முன்னோடியான ஐ.சி.எஸ். தேர்வுக்கும் தயாராகி, 1920-இல் நான்காம் இடம் பிடித்தார். சுமார் எட்டே மாதத் தயாரிப்பு. அடுத்த வருடமே வேலையை உதறியது எல்லோருக்கும் தெரிந்த கதை. 'எட்டு மாதத்தில் ஐ.ஏ.எஸ்.' என்று விளம்பரம் போட வசதியான உதாரணம்தான். ஆனால் அந்த எட்டு மாதத்துக்கு முன்னால் கல்கத்தாவில் தத்துவத்தில் முதல் வகுப்புப் பட்டம் இருந்தது, வருடக்கணக்கான வாசிப்பு இருந்தது. ஊறியது அங்கே. எட்டு மாதம் தாளிப்புதான்.

இந்தத் தேர்வை வடிவமைத்தவர்களும் இப்படித்தான் யோசித்தார்கள். 1854-இல் மெக்காலே தலைமையிலான குழு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகப் பணிக்குப் போட்டித் தேர்வு வைக்கப் பரிந்துரைத்தபோது ஒரு நிபந்தனையை வலியுறுத்தியது: தோற்றுப்போகிறவர் பிறகு எந்தத் தொழிலுக்குப் போனாலும், இதற்குப் படித்த நேரத்துக்காக வருந்தக் கூடாது, பாடங்கள் அப்படி இருக்க வேண்டும். காலனி ஆட்சிக்கு ஆள் பிடிக்க எழுதிய அறிக்கைதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியே போகும் ஒரு தேர்வுக்குத் தயாராகிறவர், தன் படிப்பைச் சோதித்துப் பார்க்க இந்த அளவுகோல் போதும். அரசமைப்பைப் புரிந்துகொண்டதும் தெளிவாக எழுதக் கற்றதும் வக்கீலுக்கும் வாத்தியாருக்கும் உதவும். மனப்பாடம் செய்த திட்டப் பெயர்களும் குறியீட்டு எண்களும் யாருக்கும் உதவாது. கல்லூரியில் எதற்கு நேரம் கொடுப்பது என்ற கேள்வி வரும்போதெல்லாம் இதை வைத்து அளந்துகொள்ளலாம்.

டிஎன்பிஎஸ்சி பக்கம்

மாநிலத் தேர்வுகளின் கணக்கு வேறு. குரூப் 1, குரூப் 2 இரண்டுக்கும் பட்டம் வேண்டும், அதுவும் அறிவிக்கை வெளியாகும் நாளில் கையில் இருக்க வேண்டும். யூபிஎஸ்சி போல இறுதியாண்டுக்காரர்களுக்குச் சலுகை கிடையாது. குரூப் 4-க்கோ பத்தாம் வகுப்பும் 18 வயதும் இருந்தால் இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு மட்டும் 21. இரண்டாமாண்டு படிக்கும்போதே எழுதக்கூடிய நிஜமான அரசுத் தேர்வு இது. ஓஎம்ஆர் தாள், மூன்று மணி நேரம், 200 கேள்வி, லட்சக்கணக்கான போட்டியாளர்கள். யூபிஎஸ்சி அட்டெம்ப்டை வீணாக்காமல் தேர்வறைப் பயத்தைப் போக்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. வேலையே கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்பது இனிமையான சிக்கல்.

அப்புறம், தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை. 2010-இல் வந்த சட்டம் பிறகு திருத்தப்பட்டு, இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குரிய கல்வித்தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு பட்டப் படிப்பில் ஆங்கிலவழிக்கு மாறும் மாணவர், பட்டத் தகுதி கேட்கும் குரூப் 1, 2-இல் அந்த முன்னுரிமையை இழக்கிறார். ஆங்கிலம் வசப்படும் என்ற நியாயமான காரணத்துக்காக மாறலாம், தப்பில்லை. ஆனால் என்னத்தைக் கொடுத்து என்னத்தை வாங்குகிறோம் என்பது கல்லூரியில் சேரும் அன்றே தெரிந்திருக்க வேண்டும். தமிழ்வழியிலேயே தொடர்பவர்கள் படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் அதற்கான சான்றிதழை வாங்கி வைக்க வேண்டியிருக்கும். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரைத் தேடிப் போகிற வேலை அது. கல்லூரி விடுமுறையில் செய்துவிட்டால் பின்னால் ஓட வேண்டாம்.

பட்டத்துக்குப் பிந்தைய வருடம்

கல்லூரியில் இருக்கும்போதே மாலை நேர கோச்சிங்கில் சேரலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காலை எட்டரையிலிருந்து மூன்றரை வரை வகுப்பு, ஐந்திலிருந்து எட்டு வரை இன்னொரு வகுப்பு என்றால், படிப்பது எப்போது? கேட்பதும் படிப்பதும் ஒன்று என்று நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு, இரண்டையும் அரைகுறையாக விடுகிறவர்களே அதிகம். டெல்லிதான் போக வேண்டும் என்பதும் பழைய நம்பிக்கை. 2024 ஜூலையில் அங்கே ஓல்ட் ராஜிந்தர் நகரில், ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். கனவைக் காட்டி எப்படிப்பட்ட இடங்களில் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

பட்டம் முடித்தவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே வழிகள் உண்டு. சென்னையில் தமிழக அரசே நடத்தும் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறது. மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் போட்டித் தேர்வுப் பிரிவு, 2023-இலிருந்து 1,000 பேரைத் தேர்வு மூலம் எடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறது. முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். இந்த நுழைவுத் தேர்வுகளிலும் கேட்பது பொதுப்பாட அடிப்படைதான். கல்லூரியில் ஊறப்போட்டது முதலில் கைகொடுக்கும் இடம் இது.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகாமல் விடலாமா என்ற கேள்வி இன்ஜினியரிங் மாணவர்களுக்கு ஏழாவது செமஸ்டரில் வரும். போய்விட்டு வருவதே நல்லது. ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிற வீட்டில், அடுத்த ஒரு வருடம் பேச்சு வேறு தொனியில் நடக்கும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை அட்டெம்ப்ட், எந்த வயது வரை, அதுவரை சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் யார் பணம், தங்கையின் கல்லூரிக் கட்டணம் எந்த வருடம் வருகிறது என்பதையெல்லாம் அப்பா அம்மாவோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், மூன்றாவது அட்டெம்ப்டில் பக்கத்து வீட்டு மாமா "இன்னுமா படிக்கிறான்?" என்று கேட்கும்போது பதில் சொல்ல அம்மாவே முன்னால் வருவார்.